கேஸ்லோட்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், "உங்க கையில இப்ப எத்தனை கேஸ்?" என்ற கேள்வி வராமல் இருக்காது. அந்த 'எத்தனை'க்குத்தான் அலுவலகத்தில் கேஸ்லோட் என்று பெயர்: ஒரு பணியாளர் ஒரே சமயத்தில் கவனித்தாக வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கை. மூடிய கோப்பு இதில் சேராது. குழந்தைகள் இல்லத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் போய்ப் பார்த்துவர வேண்டிய பிள்ளை சேரும்.

'கேஸ்' லத்தீன் வழி வந்தது. விழுதல், நேர்ந்துவிட்டது என்பது வேர்ப்பொருள். பெட்டியைக் குறிக்கும் கேஸ் வேறு. 'லோட்' பழைய ஆங்கிலத்தில் வழி, பயணம் என்றே இருந்தது. பாரம் என்ற பொருள் பின்னால் ஏறியது. நீலகிரிக்கு அந்தப் பழைய பொருளே பொருந்தும். ஊட்டியிலிருந்து பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் லயன் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) ஒன்றில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க, நடுவட்டம் வழியாக இறங்கி, கூடலூரைத் தாண்டிப் போக வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியபின் தேயிலைக்கு நடுவே நடை வேறு. வீட்டில் பேசுவது அரை மணி. போய்வர ஒரு பகல். பதிவேட்டில் அது 'ஒன்று'.

2009-இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு வகுத்தது 2 சமூகப் பணியாளர், நேரில் போய்ப் பார்க்கும் 2 புறத்தொடர்புப் பணியாளர். நீலகிரியில் வட்டங்கள் மட்டும் 6. இந்த அலகு வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம்; ஒருவர் விலகினால் அவர் கோப்புகள் அடுத்தவர் மேசைக்கு வந்துவிடும். சட்டத்தின் கெடு மட்டும் நகராது. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுவர வேண்டும். குழந்தையின் குடும்பம், சூழல் பற்றிய சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும். 24 மணிக் கணக்கில் பயணத்தைக் கழித்த சட்டம், 15 நாள் கணக்கில் கழிக்கவில்லை!

'வழக்குச்சுமை' என்று சிலர் எழுதுகிறார்கள். நீதிமன்றத்தில் தேங்கும் வழக்குகளுக்கு அது சரி. இங்கே பிள்ளை வாதியுமில்லை, பிரதிவாதியுமில்லை. அவளைச் சுமை என்பது அதைவிட மோசம். லயன் வீட்டு வாசலில் நின்று 'கேஸ்' என்று வாய் திறந்தாலே, "போலீசு, கேஸெல்லாம் வேணாங்க சார்" என்று தாய் கதவைச் சாத்திவிடுவார். இதே துறையில் கவுன்சிலருக்கு 'ஆற்றுப்படுத்துநர்' என்ற அருமையான பெயர் அரசு விளம்பரங்களிலேயே வருகிறது. சங்க ஆற்றுப்படையில் வழிகாட்டிய சொல் அது. அந்தப் பெயரைத் தந்த கை, கேஸ்லோடுக்கும் ஒரு நல்ல சொல்லைத் தந்திருக்கலாம்.

'பொறுப்பளவு' என்பது என் பரிந்துரை. "அவருடைய பொறுப்பளவு முப்பது குழந்தைகள்" என்றால் யாருக்கும் விளங்கும். எண்ணப்படுவது குழந்தை என்பதும் மறையாது. பயணம், அறிக்கை எழுதுவது, குழு அமர்வில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தது 'பணிப்பளு'. அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது: முப்பது என்ற ஒரே பொறுப்பளவு குன்னூர் நகருக்குள் ஒரு பணிப்பளு, பந்தலூரில் வேறு. மாத அறிக்கைப் படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.