ஃபிரெய்லினா: பணிப்பெண்ணா, தோழியா?

ரஷ்ய அரண்மனைக் கதைகளைத் தமிழில் படிக்கும்போது ‘அரசியின் பணிப்பெண்’ என்று வந்தாலே எனக்கு மனம் உறுத்தும். மூலத்தில் பெரும்பாலும் ‘ஃபிரெய்லினா’ என்றுதான் இருக்கும். அவள் உயர்குடியில் பிறந்தவள். அவளுக்கே பணிப்பெண்கள் உண்டு.

இது ஜெர்மானியச் சொல்லின் வழி வந்தது. ‘ஃபிராவ்’ என்றால் சீமாட்டி. அதனோடு சிறுமை குறிக்கும் விகுதி சேர்ந்து ‘ஃபிராய்லைன்’ ஆயிற்று. முதலில் மணமாகாத உயர்குடிப் பெண்ணை மட்டுமே குறித்தது. மகா பீட்டர் 1722இல் வெளியிட்ட பதவி வரிசைப் பட்டியல் அரண்மனைப் பெண்களுக்கும் படிநிலை வகுத்தது. மணமாகாத பெண்களுக்குரிய பதவியின் பெயராக ஃபிரெய்லினா ரஷ்யாவில் நிலைத்தது.

பதவியின் அடையாளம் ‘ஷிஃப்ர்’. அரசியின் பெயரெழுத்தை வைரங்களால் இழைத்து, மேலே மகுடம் வைத்த சின்னம் அது. இளநீல நாடா முடிச்சில் கோத்து இடப்பக்க மார்பில் அணிவார்கள். பலர் விழா நாட்களில் மட்டும் அரண்மனைக்கு வந்து போனார்கள். சிலர் அங்கேயே தங்கி, முறைவைத்து அரசியின் அருகில் இருந்தார்கள்: அழைத்தால் போக வேண்டும், உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், உலாவுக்குத் துணை செல்ல வேண்டும்.

கவிஞர் ஃபியோதர் தியூத்செவின் மகள் அன்னா அப்படித் தங்கியவர். 1853இல், பின்னாளில் பேரரசியான மரியா அலெக்சாந்திரோவ்னாவிடம் சேர்ந்தார். அரண்மனை வாழ்வை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1866இல், 36 வயதில், எழுத்தாளர் இவான் அக்சாகோவை மணந்ததும் பதவி முடிந்தது. மணமானால் விலக வேண்டும் என்பதே மரபு. அந்த நிபந்தனை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘பணிப்பெண்’ அதையும் மறைத்துவிடுகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘சேடி’ ஏவல் செய்பவளைக் குறிக்கும், பொருந்தாது. வெறும் ‘தோழி’ என்றால் அகப்பாட்டுத் தலைவியின் தோழி நினைவுக்கு வருவாள். அவளுக்குள்ள உரிமை இங்கே இல்லை. சோழர் கல்வெட்டில் முதலாம் இராசேந்திரனுக்கு நெருக்கமான பரவை நங்கையார் ‘அணுக்கியார்’ எனப்படுகிறார். அது அரசனுக்கு நெருங்கியவரைச் சுட்டியது என்பதால் அப்படியே எடுக்க எனக்குத் தயக்கம். ஆனால் ‘அணுக்கம்’ என்ற வேர் நமக்கு உதவும். ‘அரசியின் அணுக்கத் தோழி’ என்று எழுதலாம். அருகிருத்தலும் மதிப்பும் அதில் வந்துவிடுகின்றன. மணமாகாதவள் என்பதை மட்டும் முதல் இடத்தில் ஒருமுறை சொல்லிவிட வேண்டும்.