ஹேண்டிகேப் – ஈட்டடி

அகராதியைப் புரட்டினால் ஹேண்டிகேப்புக்கு ஊனம், குறைபாடு என்று பொருள் இருக்கும். கால்ஃபுக்கு அது துளியும் பொருந்தாது. இங்கே அது, திறமையில் பின்தங்கியவர் தேர்ந்தவரோடு சமமாக மோதத் தரப்படும் அடிச் சலுகை.

சொல்லின் வேர் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஒரு பண்டமாற்று ஆட்டம். இருவர் பொருள்களை மாற்றிக்கொள்ளும்போது, மதிப்பு குறைந்த பொருளுக்கு எவ்வளவு சேர்த்துத் தரவேண்டும் என்று நடுவர் சொல்வார். தொப்பிக்குள் விட்ட கையை இருவரும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்துச் சம்மதத்தைக் காட்டுவார்கள். ‘தொப்பிக்குள் கை’ (hand in cap) என்ற அந்தத் தொடர்தான் சுருங்கி ஹேண்டிகேப் ஆனது. பிறகு குதிரைப் பந்தயத்தில் வலுவான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுவதைக் குறித்தது. அதன் பின்னரே கால்ஃபுக்கு வந்தது. உடற்குறை என்ற பொருள் இவற்றுக்கெல்லாம் பிந்தியது. ஆகவே ‘ஈடுகொடுத்து ஆடுவது’ என்ற நம் வழக்கை ஒட்டி ஈட்டடி என்பதே சரியான தமிழ்.

பலர் இடறுவது கணக்கில். 2020 முதல் நடப்பிலுள்ள உலக முறையில், கடைசி 20 ஆட்டங்களின் ஸ்கோர் டிஃபரென்ஷியல்களில் (மைதானத்தின் கடினத்துக்கேற்பச் சரிசெய்த அடிக்கணக்கு) சிறந்த 8இன் சராசரியே ஹேண்டிகேப் இண்டெக்ஸ், உச்சம் 54. இதையே அடித்த மொத்த அடிகளிலிருந்து நேராகக் கழித்துவிடக் கூடாது. இண்டெக்ஸை மைதானத்தின் ஸ்லோப் எண்ணால் (தேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கடினம் என்ற அளவு) பெருக்கி, நடுத்தர ஸ்லோப்பான 113ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து (தேர்ந்த ஆட்டக்காரருக்கு அங்கே ஆகக்கூடிய அடிகள்) பாரை (மைதானத்துக்கு வகுத்த அடிகள்) கழித்து வரும் எண்ணைச் சேர்க்க வேண்டும். இண்டெக்ஸ் 18, ஸ்லோப் 130, ரேட்டிங் 71.5, பார் 72 என்றால் 20.7இல் 0.5 போக 20.2, அதாவது 20 அடி. போட்டியின் வகையைப் பொறுத்து இதிலும் ஒரு பங்கு குறையலாம்.

அந்த 20 அடியும் எங்கே கிடைக்கும்? 18 குழிகளுக்கும் குழிக்கு ஒன்று. மிச்சம் 2, ஸ்கோர் கார்டில் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (ஈட்டடி பெறுவதில் குழிகளின் வரிசை எண்) 1, 2 என்று குறித்த குழிகளுக்கு.

மொத்த அடிகளை எண்ணி வெற்றியை முடிவுசெய்யும் ஸ்ட்ரோக் ப்ளேயில் ஈட்டடியைத் தாமே கழித்துக் கார்டில் எழுதுவது பெருந்தவறு. ஆறு அடித்தால் ஆறு என்றே எழுதுங்கள். கழிப்பது போட்டிக் குழுவின் வேலை. குறைத்து எழுதிய கார்டை ஒப்படைத்தால் தகுதிநீக்கம். கூட்டி எழுதியிருந்தால் அந்தக் கூடுதல் எண்ணே நிற்கும்.