விலாவைத் தடவிப் பாருங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் சித்தப்பாவின் மாந்தோப்பைக் காக்கிற நாய் மணியைப் பார்ப்பவர்கள், "சோறே போடமாட்டீங்களா?" என்று கேட்பார்கள். கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு லேப்ரடாரைப் பார்த்தால், "நல்லா வளர்க்கறீங்க" என்பார்கள். கால்நடை மருத்துவர் சொன்னது நேர் எதிர். மணி கச்சிதம், எங்கள் பிள்ளைதான் குண்டு.

அவர் தராசுப் பக்கமே போகவில்லை. ஒரே 25 கிலோ ஒரு நாய்க்கு அளவு, இன்னொன்றுக்குச் சுமை. இரண்டு கையாலும் விலாவைத் தடவினார், அவ்வளவுதான். நாய்க்குக் கொழுப்பு சேரும் முக்கிய இடங்களில் விலாவின் மேல்தோலுக்கு அடியும் ஒன்று. அங்கே எலும்பு தோலை ஒட்டியே இருப்பதால், நடுவில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும்.

எப்படித் தெரியும்? உங்கள் கையே போதும். முஷ்டியை மடக்கி விரல் மொளிகளைத் தடவுங்கள்: விலா அப்படி முட்டினால் நாய் மெலிவு. விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவுங்கள்: எலும்பு தட்டுப்படும், மேலே மெல்லிய மெத்தை. அதுதான் சரி. உள்ளங்கையின் சதைப்பற்று மாதிரி, அழுத்தினால்தான் எலும்பு என்றால் கொழுப்பு கூடிவிட்டது. அப்புறம் மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு குறுக வேண்டும். பக்கவாட்டில் வயிறு மேலேறிப் போக வேண்டும். மருத்துவர்கள் இதையெல்லாம் சேர்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். 4, 5 நல்லது. எங்கள் பிள்ளைக்கு 7.

கண்ணை நம்பினால் ஏமாறுவோம். பொமரேனியனின் ரோமம் மெலிவை மறைக்கும். கன்னி, சிப்பிப்பாறை போன்ற ஒல்லியான வேட்டை நாய்களுக்குக் கடைசி விலாக்கள் தெரிவதே இயல்பு. வயிறு மட்டும் உப்பி விலா துருத்தும் குட்டிக்குக் கொழுப்பு இல்லை, பெரும்பாலும் குடற்புழு.

லேப்ரடார் விஷயம் தனி. அவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசியை அடக்கும் மரபணு ஒன்றில் கோளாறு உண்டு என்று 2016இல் கண்டுபிடித்தார்கள். கருத்தடை செய்த நாய்க்குத் தீனித் தேவையும் குறையும். நாங்களோ அதற்குப் பிறகும் பழைய அளவிலேயே களி உருண்டை போட்டுக்கொண்டிருந்தோம். 48 லேப்ரடார்களை வைத்து ஆயுள் முழுக்க நடத்திய ஓர் ஆய்வில், கால் பங்கு குறைவாகத் தின்றவை ஏறக்குறைய 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன.

இப்போது உருண்டை பாதிதான். தட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவின் முகத்தையே பார்க்கிறான். அம்மாவும் கரைந்துபோய், யாரும் பார்க்காதபோது இன்னொரு கவளம் போடுகிறார். விலா இன்னும் அழுத்தினால்தான் தட்டுப்படுகிறது.