எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் யாருக்குக் கிடைக்கும்?

உடல் பருமனைக் குறைக்க இரைப்பையில் செய்யப்படும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைக்குத் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை ஆகிறது. ஊர், மருத்துவமனை, அறை வகுப்பு ஆகிய மூன்றும் இத்தொகையை மாற்றுகின்றன. இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் கருவியின் காட்ரிட்ஜ், அதாவது தையல் ஊசிகள் அடங்கிய பகுதி, ஒருமுறை மட்டுமே பயன்படக்கூடியது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய் போலாக்கும் ‘ஸ்லீவ்’ முறையில் ஒரு நோயாளிக்கே நான்கைந்து தேவைப்படும். எனவே, ஒரு மருத்துவமனை சொல்லும் ‘பேக்கேஜ்’ தொகை மற்ற இடங்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், ஸ்டேப்ளர் செலவும் அதில் அடக்கமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இச்சிகிச்சையை அழகுக்காகச் செய்துகொள்வதாகக் கருதி, காப்பீட்டு நிறுவனங்கள் பல ஆண்டுகள் அடியோடு விலக்கி வைத்திருந்தன. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் (ஐஆர்டிஏஐ) 2019 செப்டம்பர் 27 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த நிலையை மாற்றியது. பாலிசிப் புத்தகத்தின் விலக்குகள் பகுதியில் 06 என்ற குறியீட்டு எண்ணுடன் வரும் பத்தி அதன் விளைவுதான். தலைப்பில் ‘விலக்கு’ என்று இருப்பதைப் பார்த்ததும் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ஆனால், குறிப்பிட்ட நிபந்தனைகளை நிறைவு செய்யாத சிகிச்சைக்கு மட்டுமே அந்த விலக்கு பொருந்தும் என்பதே அப்பத்தி சொல்வது.

நிபந்தனைகள் நான்கு. சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும்; அது மருத்துவ நெறிமுறைகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்; நோயாளி 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். நான்காவது நிபந்தனை, உடல் நிறை குறியீட்டெண் எனப்படும் பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்பது. அது 35 முதல் 40-க்குள் இருந்தால், உடல் பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுக்குள் வராத இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றில் ஒன்றாவது இருப்பதுடன், அறுவையற்ற எளிய வழிகளில் எடை குறைக்க முயன்று பலன் கிடைக்காமல் போயிருக்கவும் வேண்டும். மூட்டுவலி, கொழுப்புக் கல்லீரல், சினைப்பை நீர்க்கட்டி ஆகியவை இப்பட்டியலில் இல்லை.

பிஎம்ஐ என்பது கிலோகிராம் கணக்கிலான எடையை, மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 40 என்பது சுமார் 102 கிலோ. 35 என்பது சுமார் 90 கிலோ. சிக்கல் எழுவதும் இங்கேதான். நம் நாட்டவருக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுவதால், ஆசியருக்கு இன்னும் தாழ்ந்த வரம்பே பொருத்தம் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது; 27.5-க்கு மேலேயே இச்சிகிச்சையை முன்வைக்கலாம் என 2022-இல் வந்த பன்னாட்டு அறுவை மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டுதல் கூறுகிறது. அதே உயரத்துக்கு அது சுமார் 70 கிலோதான். ஆகவே, “உங்களுக்கு அறுவை சிகிச்சை அவசியம்” என்று மருத்துவர் சொல்வதும், “பணம் தர இயலாது” என்று காப்பீட்டு நிறுவனம் சொல்வதும் ஒரே நோயாளியின் விஷயத்தில் ஒருங்கே சரியாக இருக்கக்கூடும். என் பார்வையில், விதியின் வரம்பு மருத்துவ அறிவுக்குப் பின்தங்கி நிற்கிறது. ஆயினும், மாற்றப்படும் வரை கோரிக்கைகள் அதை வைத்தே தீர்மானிக்கப்படும்.

எல்லைக்கோட்டில் இருப்பவர் அளவுகளில் கவனமாக இருக்க வேண்டும். 90 கிலோ எடையுள்ளவரின் உயரம் 160 செ.மீ. என்று பதிவானால் பிஎம்ஐ 35.2, அவசரத்தில் 162 என்று எழுதிவிட்டால் 34.3 ஆகிக் கோரிக்கை நின்றுவிடும். மேலும், கல்லீரலின் அளவைச் சுருக்குவதற்காக அறுவைக்கு முன் சில வாரம் குறைந்த கலோரி உணவு கொடுப்பது வழக்கம் என்பதால், மருத்துவமனையில் சேரும் நாளில் எடை இறங்கியிருக்கும். எனவே, அந்த உணவுமுறை தொடங்கும் முன்பே எடுத்த எடை, தேதியுடன் மருத்துவரின் குறிப்பில் இருக்கட்டும். பல மாத ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை) அறிக்கைகள், உறக்க ஆய்வு அறிக்கை, உணவியல் நிபுணரிடம் சென்ற சீட்டுகள் ஆகியவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து, முன் அனுமதி விண்ணப்பத்துடன் அனுப்புமாறு மருத்துவமனையிடம் சொல்ல வேண்டும்.

பாலிசி எடுத்தவுடன் இதற்குப் பணம் கிடைக்காது. முன்பே உள்ள நோய்களுக்கும் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. ஐஆர்டிஏஐ-யின் 2024 விதிகளின்படி அது 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. சில பாலிசிகளில் இச்சிகிச்சைக்கென்று தனி உச்சவரம்பும் இருக்கிறது. விண்ணப்பத்தில் எடையைக் குறைத்துக் காட்டுமாறு ஆலோசனை சொல்லும் முகவரிடம் பாலிசி எடுக்காமல் இருப்பதே நல்லது. உண்மையை மறைத்த காரணத்துக்காகவே பின்னர் கோரிக்கை மறுக்கப்படலாம்.

ஊருக்கேற்ப விலை மாறுவதைக் காப்பீட்டு நிறுவனங்களும் கணக்கில் கொள்கின்றன. சில பாலிசிகளில் நகரங்களை மண்டலங்களாகப் பிரித்துப் பிரீமியம் வாங்குகிறார்கள். குறைந்த கட்டண மண்டலத்தில் பாலிசி எடுத்தவர் தில்லி, மும்பை போன்ற நகரங்களில் சிகிச்சை பெற்றால் ஒரு பங்கைத் தாமே செலுத்த நேரிடும். அறை வாடகை வரம்பை மீறி உயர்ந்த அறையில் தங்கினால், மருத்துவர் கட்டணம் உள்ளிட்டவற்றிலும் அதே விகிதத்தில் தொகையைக் குறைக்கும் விகிதாசாரப் பிடித்தம் வரும். மருந்து, நுகர்பொருள், பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகிய செலவுகளில் அந்தப் பிடித்தம் கூடாது என்பது ஆணையத்தின் விதி. பில்லின் கணிசமான பங்கு ஸ்டேப்ளருக்குப் போகும் இச்சிகிச்சையில் இந்த விதி பெரிதும் உதவும்.

ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும்போது இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனம் பதில் தர வேண்டும் என ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கை கூறுகிறது. மறுப்பதாக இருந்தால், பாலிசியின் எந்தப் பிரிவின்படி என்பதைக் குறிப்பிட வேண்டும். அம்மறுப்பை ஏற்க முடியாதவர் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும்; ஒரு மாதத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை, அதாவது இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனை, அணுகலாம். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் வாசிகளுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதியும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அங்கே எடுத்துச் செல்லலாம்.

காப்பீடு இல்லாதவர் கடன் வாங்குவதற்கு முன் சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளில் விசாரிப்பது நல்லது. அங்கும் இச்சிகிச்சை செய்யப்படுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையுடன் சென்று, தங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டுக்கொள்ளலாம். தவணைக் கடன் தவிர வேறு வழி இல்லை என்றால், அறுவைக்கான தொகையோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. வைட்டமின் மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனைகளும் ஆயுள் முழுவதும் தொடர வேண்டியவை. வீடு திரும்பிய பிறகு பாலிசியில் குறித்த நாட்கள் வரை மட்டுமே அவற்றைக் காப்பீட்டில் கோர முடியும்.