பனிச்சறுக்குக்கு டிக்கெட் எடுக்கும் முன் முழங்காலைக் கவனியுங்கள்

தை பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் எங்கள் சிகிச்சை மையத்துக்கு வீங்கிய முழங்கால்கள் வரத் தொடங்கும். முன்பெல்லாம் காரணம் கேட்டால் பொங்கல் கபடிப் போட்டி என்பார்கள், பைக்கில் விழுந்தேன் என்பார்கள். இப்போது ஜார்ஜியாவின் குடவுரி, கஜகஸ்தானின் ஷிம்புலாக், சுவிட்சர்லாந்து என்று பனிச்சறுக்கப் போய்வந்த ஊர்ப்பெயர் சொல்கிறார்கள். போன வாரம் சுரண்டையிலிருந்து வந்த தம்பியோடு என் பொறுமை தீர்ந்துவிட்டது. நான் இயன்முறை மருத்துவர். எலும்பு மருத்துவர்கள் புது ஜவ்வு வைத்து அனுப்பிய பிறகு, மாதக்கணக்கில் கூடவே இருந்து நடக்கவும் குனியவும் படியேறவும் பழக்குவது எங்கள் வேலை. அந்த மாதங்கள் எப்படிப்பட்டவை என்று தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தம்பியைப் படுக்கவைத்து, முழங்காலை லேசாக மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கீழ்க்காலை மறு கையால் முன்னே இழுத்துப் பார்த்தேன். நல்ல காலில் டக்கென்று ஓரிடத்தில் நின்றது. அடிபட்ட காலில் நிற்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. முழங்காலின் நடுவே இருக்கும் முன் ஜவ்வு போய்விட்டது. பனியில் விழுந்த ஊரிலேயே எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறிவு இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஊருக்கு வந்து மூன்று வாரம் எண்ணெய் போட்டுச் சுளுக்கு எடுத்திருக்கிறார்கள். "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றுதானே ஐயா சொன்னார்கள்?" என்று அவருடைய அம்மா கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது அம்மா. விழும்போது உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்டு, ஓரிரு மணி நேரத்துக்குள் முழங்கால் பந்தாக வீங்கினால், எக்ஸ்ரே எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஜவ்வு அறுந்திருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும்.

பிறகு அந்தத் தம்பி, இவர்கள் எல்லோரும் சொல்வதையே சொன்னார்: "பனிதானே சார், மெத்தென்று இருக்கும், விழுந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்."

இந்த ஒரு நினைப்பைப் பிடுங்கிப் போட்டால் பாதிப் பேர் என்னிடம் வரமாட்டார்கள். முதலில், சறுக்குப் பாதையில் கிடப்பது நீங்கள் படங்களில் பார்க்கும் பஞ்சுப் பனி அல்ல. இரவோடு இரவாகக் கனமான இயந்திரங்களை ஓட்டி அதை அமுக்கி வைக்கிறார்கள். பகல் வெயிலில் கொஞ்சம் இளகி, இரவுக் குளிரில் மறுபடி உறைந்து, காலையில் பாளமாக இருக்கும். அதன்மேல் விழுவது சிமெண்டுத் தரையில் விழுவதற்குக் கொஞ்சம்தான் குறைவு.

சரி, மெத்தென்றே இருக்கட்டும். அப்போதும் முழங்கால் தப்பாது. ஏனென்றால் முன் ஜவ்வு பெரும்பாலும் அடிபட்டு அறுவதில்லை, முறுக்கி அறுகிறது. உடம்பு தரையைத் தொடும் முன்பே அறுந்து போவதும் உண்டு. உங்கள் ஒவ்வொரு காலிலும் ஏறக்குறைய மோவாய் உயரத்துக்கு ஒரு பலகை மாட்டியிருக்கிறது. கெட்டியான பூட் கணுக்காலை அசையவிடாமல் பூட்டி வைத்திருக்கிறது. பலகையின் நுனியோ வாலோ எங்காவது சிக்கித் திரும்பினால், அந்த முறுக்கை வாங்கிக்கொள்ளக் கணுக்காலுக்கு வழியில்லை. அது நேரே முழங்காலுக்கு ஏறுகிறது. கடப்பாரையின் நீளம் கூடக் கூடக் கல் எளிதாகப் புரளும் அல்லவா? இங்கே புரளுவது உங்கள் கீழ்க்கால். மெத்தென்ற, ஈரமான பனி இதில் இன்னும் மோசம். பலகை அதில் புதைந்து நின்றுவிடும். உடம்பு மட்டும் திரும்பிக்கொண்டு போகும். ஆகவே பனி மெத்தென்று இருக்கிறதே என்று தைரியம் கொள்ளாதீர்கள். மெத்தென்று இருந்தால் இன்னும் மெதுவாகப் போங்கள்.

விழும் விதத்திலும் கவனம் வேண்டும். பின்பக்கம் சாய்ந்து, பிட்டம் முழங்காலுக்குக் கீழே இறங்கிய நிலையில் எழுந்துவிடலாம் என்று உந்துகிறார்கள் பாருங்கள், அதுதான் ஜவ்வை அறுக்கும் நொடி. விழ ஆரம்பித்துவிட்டால் விழுந்துவிடுங்கள். முழங்கால்கள் மடங்கியே இருக்கட்டும், கால்களை விறைக்காதீர்கள், பின்னால் கையை ஊன்றாதீர்கள். சறுக்கல் முழுதாக நின்ற பிறகு எழுந்தால் போதும். நண்பர்கள் வீடியோ எடுக்கிறார்களே என்று யோசிக்காதீர்கள்.

இனி வாடகைக் கடை. இங்கேதான் பலரும் தங்கள் முழங்காலைத் தாங்களே விற்றுவிடுகிறார்கள். பூட்டையும் பலகையையும் இணைக்கும் பிடிப்புக்குப் பைண்டிங் என்று பெயர். அளவுக்கு மீறிய விசை வந்தால் அது பூட்டை விடுவித்துவிட வேண்டும். எவ்வளவு விசையில் விடுவிக்க வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, பூட் அடியின் நீளம், நீங்கள் எப்படிச் சறுக்குபவர் என்ற ஐந்தையும் வைத்து அட்டவணை பார்த்துக் கடைக்காரர் திருகுவார். அவர் கேட்கும் கேள்விகள் சம்பிரதாயம் அல்ல. எடையைக் கூட்டிச் சொன்னால் பிடிப்பு இறுகும், விட வேண்டிய நேரத்தில் விடாது. குறைத்துச் சொன்னால் வேண்டாத இடத்தில் கழன்று குப்புறத் தள்ளும். வாழ்நாளில் முதல் முறை பனியைப் பார்ப்பவர், வெட்கப்பட்டுக்கொண்டு 'கொஞ்சம் தெரியும்' என்று சொல்லிவிடுகிறார். வேண்டாம். 'புதியவன், ஒன்றும் தெரியாது' என்று சொல்லுங்கள். வயது 50 ஆகிவிட்டதென்றால் அதையும் மறைக்காதீர்கள்; அந்த வயதிலிருந்து அட்டவணையில் பிடிப்பை ஒரு படி தளர்த்துவார்கள். இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: பைண்டிங் முக்கியமாகக் காப்பது கணைக்கால் எலும்பைத்தான். முழங்கால் ஜவ்வுக்கு அது முழுக் காவல் இல்லை. சரியாகத் திருகியதே அப்படி என்றால், பொய் சொல்லித் திருகியதை என்னவென்று சொல்வது?

பூட் விஷயத்தில் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். குளிருக்குப் பயந்து வண்ணார்பேட்டையில் மூன்று ஜோடி கம்பளிக் காலுறை வாங்கிப்போய், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, அதற்கேற்ற பெரிய பூட்டைக் கேட்டு வாங்குகிறார்கள். உள்ளே கால் ஆடும். ஆடும் கால் பலகையைத் திருப்ப முடியாது. காலுறை அடுக்கில் இரத்த ஓட்டம் நசுங்கி விரல்கள் இன்னும் சில்லிடும். முழங்கால் வரை வரும் மெல்லிய காலுறை ஒரே ஒன்று, கம்பளியிலோ செயற்கை இழையிலோ, போதும். பருத்தி கூடாது. உள்ளே போடும் கால்சட்டையின் நுனியைப் பூட்டுக்குள் திணிக்காதீர்கள். அந்த மடிப்பு கணைக்காலில் அழுத்தி மாலைக்குள் தோலை உரித்துவிடும். நம் ஊர் செருப்பளவைச் சொல்லிப் பயனில்லை. ஸ்கீ பூட்டின் அளவு பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, முழு எடையையும் ஊன்றி, நீளமான விரலின் நுனி வரை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பூட்டை மாட்டி நேராக நின்றால் விரல்கள் முன்னே லேசாக உரச வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நடந்து பாருங்கள். வரிசையில் ஆள் நிற்கிறார்கள் என்று அவசரப்படாதீர்கள்.

உடையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பருத்திப் பனியனும் ஜீன்ஸும் வியர்வையையும் பனியையும் குடித்துவிட்டு உடம்பை விறைக்க வைக்கும். உள்ளே வியர்வையை வெளியேற்றும் மெல்லிய உடை, நடுவே கதகதப்பு, வெளியே நீர்புகா ஜாக்கெட்டும் கால்சட்டையும். வெளியுடை வாடகைக்கே கிடைக்கும்; கையுறையும் உள்ளுடையும் சொந்தமாக இருக்கட்டும். ஹெல்மெட்டுக்குள் குரங்குக் குல்லா போடாதீர்கள், ஹெல்மெட் சரியாக உட்காராது. இத்தாலிக்குப் போகிறவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள்: அங்கே 2022 ஜனவரி முதல் சறுக்குபவர் அனைவரிடமும் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு இருக்க வேண்டும்.

கண்ணுக்குச் சாதாரண ஸ்டைல் கண்ணாடி போதாது. புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது அந்தக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். பகலில் ஒன்றும் தெரியாது. இரவு, கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல எரியும். பக்கவாட்டையும் மூடும் காகிள்ஸ் கண்ணாடி அவசியம். முகத்துக்குச் சன்ஸ்கிரீன் வேண்டும். தேங்காய் எண்ணெய் அந்த வேலையைச் செய்யாது. சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை வெளிப்பையில் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் வீண். உடம்போடு ஒட்டிய உள்பையில் இருக்கட்டும்.

ஸ்னோபோர்டு எடுப்பவர்களுக்கு முழங்கால் ஓரளவு தப்பும், மணிக்கட்டு தப்பாது. இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டியிருப்பதால் கையை ஊன்றித்தான் விழுவீர்கள். மணிக்கட்டுக் கவசம் வாங்கி மாட்டுங்கள்; விலை அதிகமில்லை.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒன்று. ஆலங்குளம், மானூர், தென்காசிப் பக்கத்து இளைஞர்களில் கபடி ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். அன்றைக்குச் சுளுக்கு என்று தேய்த்துவிட்டு, வலி போனதும் மறந்துவிட்டார்கள். படியிறங்கும்போது 'முட்டி நழுவுகிறது', திடீரென்று திரும்பினால் 'பிசகிக்கொள்கிறது' என்று சொல்பவர்கள், தயவுசெய்து, விமான டிக்கெட் எடுக்கும் முன் எலும்பு மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ காட்டுங்கள். ஏற்கெனவே ஜவ்வு அறுந்த முழங்காலோடு பனிக்குப் போனால் அடுத்துக் கிழிவது உள்ளே இருக்கும் குருத்தெலும்பு. இழந்த குருத்தெலும்பை முழுதாகத் திருப்பித் தர எந்த மருத்துவராலும் முடியாது.

முழங்கால் நன்றாக இருப்பவர்களும் எட்டு வாரம் முன்பே தயாராக வேண்டும். 'தினமும் வ.உ.சி. மைதானத்தில் நாலு சுற்று நடக்கிறேன் சார்' என்கிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் இதற்குப் போதாது. சறுக்கும்போது தொடைத் தசை மடங்கிய நிலையிலேயே மணிக்கணக்கில் தாங்க வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்வதுபோல நில்லுங்கள். ஒரு காலில் நின்று மெதுவாகப் படி இறங்குங்கள். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நில்லுங்கள். பின்தொடைத் தசையை மறக்காதீர்கள், முன் ஜவ்வுக்குத் துணை அதுதான்.

பயணத் திட்டத்திலும் கை வையுங்கள். திருவனந்தபுரத்தில் ஏறி, வளைகுடாவில் மாறி, தூங்காமல் போய் இறங்கிய அன்றே பலகையை மாட்டுகிறார்கள். முதல் நாள் தூங்குங்கள். அடுத்த மூன்று நாள் அரைநாள் வகுப்புக்குப் பணம் கட்டுங்கள். 'இரண்டு மணி நேரம் ஸ்கீ அனுபவம்' என்ற பேக்கேஜ் வேண்டாம். செலவு பயமுறுத்தினால் முதலில் குல்மார்க்கில் உள்ள மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் கற்றுக்கொண்டு போகலாம். சறுக்குப் பாதை எவ்வளவு கடினம் என்று காட்டும் வண்ணங்களைப் படித்துக்கொள்ளுங்கள்: ஐரோப்பாவில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம்; ஜப்பானில் எளிதான பச்சைக்கு அடுத்ததே சிவப்பு. கீழே இருப்பவருக்கே முன்னுரிமை, மேலிருந்து வருபவர்தான் விலக வேண்டும். மதியம் மூன்று மணிக்கு மேல் 'கடைசியாக ஒரு தடவை' என்று ஏறாதீர்கள். என்னிடம் வருபவர்களில் நிறையப் பேர் அந்தக் கடைசித் தடவையில் விழுந்தவர்கள்.

ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் குளிர்கால விளையாட்டு சேராது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். குறியிட்ட பாதைக்கு வெளியே போனாலும், குடித்துவிட்டுச் சறுக்கினாலும் கோரிக்கையை மறுக்க இடமுண்டு. மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் அந்தச் செலவு யாருடையது என்று எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அடிபட்டால் அந்தக் காலோடு சறுக்கி இறங்காதீர்கள். மீட்புக் குழுவை அழையுங்கள், ஐரோப்பாவில் 112. மாவுக்கட்டுப் போட்டிருந்தால் 48 மணி நேரம் கழியாமல் நீண்ட விமானப் பயணம் வேண்டாம். போயே ஆக வேண்டுமென்றால் கட்டைப் பிளந்துவிடச் சொல்லுங்கள். கட்டுப் போட்ட காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. மாத்திரையோ ஊசியோ வேண்டுமா என்று அங்கிருக்கும் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

நேற்று இன்னொரு தம்பியின் அப்பா கேட்டார்: "மார்ச்சில் ஆபரேஷன் செய்தால் டிசம்பரில் மறுபடி போகலாமா?" மார்ச்சிலிருந்து டிசம்பர் ஒன்பது மாதம். அதற்கு முன்னால் அந்தப் பேச்சே கூடாது. ஒன்பது மாதம் ஆனாலும் நாள்காட்டி மட்டும் போதாது. ஆபரேஷன் செய்த காலின் பலம் நல்ல காலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும், ஒற்றைக் காலில் தாண்டிக் குதிக்கும் சோதனையிலும் தேற வேண்டும். நவம்பரில் அழைத்து வாருங்கள், அளந்து பார்த்துச் சொல்கிறேன். அதுவரை டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று அனுப்பினேன்.