போல்டரிங்: துறுகல்லேற்றம்

கயிறு கிடையாது. இடுப்பில் பட்டை கிடையாது. ஆள் உயரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும் ஒற்றைக் கல்லில் வெறுங்கையோடு ஏறுவதற்கு ஆங்கிலத்தில் போல்டரிங் என்று பெயர். விரல் வியர்வைக்குச் சாக்பொடி, காலுக்கு இறுக்கமான ரப்பர் ஷூ, விழுந்தால் தாங்க ஒரு மெத்தை, சாமான் அவ்வளவுதான். தமிழில் இதையும் ‘பாறையேற்றம்’ என்றே எழுதிவிட்டுப் போகிறோம். நூறு மீட்டர் செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி ஏறுவதும் பாறையேற்றம்தான் என்பதால், இந்தக் கிளைக்குத் தனிச்சொல் ஒன்று தேவைப்படுகிறது.

போல்டர் என்ற சொல் பழைய ஆங்கிலத்திலிருந்து நேராக வந்ததல்ல. இடைக்கால ஆங்கிலத்தில் அது ‘புல்டர்ஸ்டன்’. ஸ்வீடன் வட்டார வழக்கில் உள்ள ‘புல்லர்ஸ்டேன்’ என்பதை அகராதிகள் இதற்கு உறவாகக் காட்டுகின்றன. ‘புல்லர்’ என்றால் இரைச்சல், ‘ஸ்டேன்’ என்றால் கல். ஓடைத் தண்ணீர் மோதி இரையும் கல் என்று பொருள். பிற்பாடு ஆங்கிலம் ‘கல்’லை விட்டுவிட்டு இரைச்சலை மட்டும் வைத்துக்கொண்டது. நிலவியலாளர்களுக்கோ போல்டர் என்பது வெறும் அளவு: 1922இல் வென்ட்வொர்த் வகுத்த அட்டவணைப்படி 256 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல் எல்லாம் போல்டர். ஒரு பெரிய பூசணிக்காய் அளவு. அதில் ஏற என்ன இருக்கிறது!

ஏறுபவர்கள் தேடிப்போகிற கல் வேறு. இங்கிலாந்தின் பீக் மாவட்டத்திலும் யார்க்ஷயரிலும் உள்ள ‘கிரிட்ஸ்டோன்’ இதற்குப் பேர்போனது. கிரிட் என்பது மணல், பொடிக்கல்லைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து வந்த ஆறுகள் கழிமுகத்தில் கொட்டிய பருமணல் இறுகி உண்டான கல் இது. நிலவியலில் இதன் பெயர் ‘மில்ஸ்டோன் கிரிட்’, அதாவது திரிகைக்கல் மணற்பாறை. பெயர் சும்மா வந்ததல்ல. ஸ்டானேஜ் என்ற நீண்ட பாறை விளிம்பின் அடியில், செதுக்கியபடியே கைவிட்ட வட்டத் திரிகைக் கற்கள் இன்றும் புல்லில் சாய்ந்து கிடக்கின்றன. பீக் மாவட்டத் தேசியப் பூங்காவின் சின்னமே திரிகைக்கல்தான்.

இந்தக் கல்லைத் தொட்டால் எப்படி இருக்கும்? புதிதாகக் கொத்திய அம்மியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான். பிடி என்று சொல்ல ஒன்றும் இருக்காது, சொரசொரப்புதான் பிடி. வியர்த்த விரல் வழுக்கும் என்பதால், இதில் முனைந்து ஏறுபவர்கள் குளிர்காலத்துக்காகக் காத்திருப்பார்கள். பெரும்பாலான கற்களின் உச்சி காற்றிலும் மழையிலும் தேய்ந்து உருண்டிருக்கும். கடைசி அடிதான் பெரிய பாடு: உள்ளங்கையை விரித்து அழுத்தி, குதிகாலை மேலே தூக்கிப் போட்டு, கிணற்றிலிருந்து கரையேறுகிறவரைப்போல வயிறு உரசி எழ வேண்டும்.

பீக் மாவட்டத்தில் உள்ள கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தின் (636 மீட்டர்) தெற்கு ஓரத்தில் இப்படிக் கற்கள் கூட்டமாக நிற்கின்றன. அந்த இடத்துக்கு ‘ஊல்பேக்ஸ்’, கம்பளிப் பொதிகள், என்று பெயர். ஆடு வளர்க்கும் நாட்டில் கல்லைப் பார்த்தால் பொதி ஞாபகம் வருவது நியாயம்தானே. 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி நடந்து ஏறியதும் இதே கிண்டரில்தான். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அப்போது அது தனியார் வேட்டை நிலம். இத்தகைய திறந்த மேட்டுநிலத்தில் நடந்து திரியும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். ‘பாறாங்கல்’ பேச்சில் உண்டு, ஆனால் அது தலையில் போடுவதற்கும் நெஞ்சில் சுமப்பதற்கும் உரிய கல். பாரம்தான் அதன் முதல் பொருள். ‘குண்டுக்கல்’ பரவாயில்லை. ‘கல்லேற்றம்’ என்றால் குவாரியில் லாரி நிற்கிறது. ‘கல்லேறுதல்’ என்று எழுதினால் இரண்டு எழுத்து மாறிக் கல்லெறிதல் ஆகிவிடும், அப்புறம் போலீஸ்தான்.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: துறுகல். துறுதல் என்றால் நெருங்குதல், திரளுதல். திரண்டு உருண்ட பெருங்கல் துறுகல். குறுந்தொகை 13ஆம் பாட்டில் கபிலர் ‘இரும்பிணர்த் துறுகல்’ என்கிறார். பெருமழையில் நனைந்து நிற்கும் அந்தக் கல் அவருக்கு அழுக்குப் போகக் கழுவிய யானையாகத் தெரிகிறது. இதில் எனக்குத் துறுகல்லைவிடப் பெரிய புதையல் ‘பிணர்’. சருச்சரை, சொரசொரப்பு என்று பொருள். கிரிட்ஸ்டோனில் ஏறுபவர்கள் நாள் முழுக்கப் பேசுவது இந்த ஒன்றைப் பற்றித்தான். ஆகவே போல்டரிங் துறுகல்லேற்றம். கிரிட்ஸ்டோனைப் பிணர்க்கல் எனலாம்.

இன்னொரு சொல்லும் பாக்கி. கல்லில் ஏறும் ஒவ்வொரு வழியையும் ‘ப்ராப்ளம்’ என்பார்கள். அதைப் ‘பிரச்சினை’ என்று மொழிபெயர்த்தால் பஞ்சாயத்துதான் கூடும். சரியான சொல் ‘கணக்கு’. எந்த விரல், எந்தக் கால், எந்த வரிசை என்று போட்டுப் பார்ப்பது. வராவிட்டால் அழித்து மறுபடி போடுவது. மலையேற்றத்துக்குப் பயிற்சியாக மட்டும் எண்ணப்பட்ட இந்த வேலையைத் தனி விளையாட்டாக நிறுத்தியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ஜான் கில். ஜிம்னாஸ்டிக் கூடத்துச் சாக்பொடியை 1950களில் பாறைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அவருடைய தொழில்? கணிதப் பேராசிரியர்.

கிண்டர் போன்ற மேட்டுநிலத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘மூர்’ என்பதை மட்டும் தமிழாக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஹெதர் புதரும், கால் புதையும் கரிய பீட் மண்ணும், ஓயாத காற்றுமாக மரமில்லாமல் கிடக்கும் அந்த மேட்டுநிலத்தைத் தரிசு என்றாலும் தவறு, சதுப்பு என்றாலும் பாதிதான் சரி. மூர் மூராகவே இருக்கட்டும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்: “ராத்திரி முழுக்க மழை. மூரில் ஒரு கல்லும் காயவில்லை. துறுகல்லேற்றம் நாளைக்குத்தான், அந்தக் கணக்கு எனக்கு இன்னும் வரவில்லை.”