நம்பர் உண்மைதான் தம்பி, ஆள்தான் பொய்

போன ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் போன் வந்தது. "மேடம், நான் கிளமெண்டியில் புளோக்குக்குக் கீழே நிற்கிறேன், சாவி எப்போது தருவீர்கள்?" நான் சிங்கப்பூரில் ஒரு சொத்து முகவர், வீடு வாடகைக்குப் பார்த்துத் தருவது என் வேலை. எந்தச் சாவி என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக என் முழுப் பெயரைச் சொன்னான், என் பதிவு எண்ணைச் சொன்னான், என் நிறுவனத்தின் பெயரைச் சொன்னான். எல்லாம் சரி. ஆனால் அந்த வீட்டை நான் பார்த்ததே கிடையாது, அந்தப் பையனோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதும் கிடையாது.

திருச்சியிலிருந்து முதுநிலைப் படிப்புக்கு வந்திருந்த பிள்ளை. காலை விமானத்தில் இறங்கி, இரண்டு பெரிய பெட்டியோடு நேராக அங்கே போயிருக்கிறான். எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தனிக் குளியலறையோடு மாஸ்டர் ரூம், மாதம் 650 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று விளம்பரம். அந்த வட்டாரத்தில் அந்த விலைக்கு சாதாரண அறையே கிடைக்காது, இதைச் சிங்கப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அவனுக்குக் கேட்க ஆள் இல்லை. முதலில் 'டோக்கன்' 200, பிறகு முன்பணம் 650, முதல் மாத வாடகை 650. ஆக 1,500 வெள்ளி, நம் ஊர்ப் பணத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம். விமானம் ஏறியதிலிருந்து அந்த வாட்ஸ்அப் எண் எடுக்கவில்லை. கடைசியில் என் நிறுவனத்தின் அலுவலகத்தை அழைத்து, என் உண்மையான எண்ணை வாங்கி என்னைக் கூப்பிட்டிருக்கிறான். பணம் அனுப்பிய பிறகு போட்ட அந்த ஒரு போனை அனுப்புவதற்கு முன்னால் போட்டிருந்தால் நானும் நிம்மதியாகத் தோசை சுட்டிருப்பேன்.

அந்த ஆண்டில் என் பெயரைச் சொல்லி ஏமாற்றப்பட்டு வந்தவர்களில் இவன் மூன்றாவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேரும் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "நான் சிஇஏ தளத்தில் செக் பண்ணினேன் அக்கா, நம்பர் கரெக்டாக இருந்தது." அட, கரெக்டாகத்தான் இருக்கும். அது என் நம்பர்! சிங்கப்பூரில் சொத்து முகவராக வேலை செய்பவர் யாராக இருந்தாலும் முகவர்களை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான சிஇஏவில் பதிந்திருக்க வேண்டும், அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் அந்தப் பதிவு எண்ணை விளம்பரங்களில் நாங்களே போட்டாக வேண்டும், அது விதி. என் படமும் பெயரும் எண்ணும் பாதி ஜூரோங்கின் தபால்பெட்டிகளில் துண்டுத்தாளாகக் கிடக்கின்றன. அதை எடுத்து வைத்துக்கொண்டு 'நான்தான் இவர்' என்று சொல்ல ஒரு போன் போதும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் சரியாக அச்சாகியிருக்கிறது என்பதற்காக, பத்திரிகையை நீட்டுகிறவனையெல்லாம் மாப்பிள்ளை என்று மணவறையில் உட்கார வைப்போமா? பதிவு எண் சொல்வதெல்லாம், இப்படி ஒரு முகவர் இருக்கிறார் என்பது மட்டும்தான். உங்களோடு வாட்ஸ்அப்பில் பேசுகிறவர் அவரா என்று அது சொல்லாது. முகவர் அட்டையின் படம் அனுப்பினாலும் இதே கதைதான், படத்தை யாரும் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பதிவேட்டில் தேட வேண்டியது தொலைபேசி எண். உங்களை எந்த எண்ணிலிருந்து தொடர்பு கொள்கிறாரோ அந்த எண்ணை அப்படியே தேடும் கட்டத்தில் தட்டுங்கள். முகவரின் பெயர் வந்தால் சரி. ஒன்றும் வரவில்லை என்றால் 'இது என் இன்னொரு நம்பர்' என்பதெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த முகவர் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர் பதிவேட்டிலேயே இருக்கும், அதன் அலுவலகத்தை அழைத்து அந்த ஆளிடம் இணைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் கணக்கையே களவாடி உண்மையான எண்ணிலிருந்து பேசுகிறவர்களும் உண்டு, ஆகவே எண் பொருந்தியதும் பணத்தை அனுப்பி விடாதீர்கள். அறையைப் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட வேண்டாம். டோக்கனும் வேண்டாம். ஊரில் வீடு பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்து 'பிடித்து' வைக்கும் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது, மோசடிக்காரனுக்கும் அது தெரியும். 'இன்னும் ரெண்டு பேர் கேட்கிறார்கள்' என்று ஒரு வரி போட்டால் நம் அப்பாக்கள் அன்றிரவே அனுப்பிவிடுகிறார்கள். 2023 பிப்ரவரியில் நம் ஊர் யுபிஐயையும் அதேபோல் சிங்கப்பூரில் போன் வழியே பணம் அனுப்பும் பேநவ்வையும் இணைத்தது நல்ல காரியம்தான், ஆனால் வங்கிக்குப் போய் வரிசையில் நின்று யோசிக்கிற அந்த ஒரு மணி நேரமும் அதோடு போய்விட்டது.

இன்னொன்று, எங்கள் தொழிலுக்கு உள்ளே எல்லோருக்கும் தெரியும், வெளியே யாருக்கும் தெரியாது: வீவக வீட்டின், அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீட்டின், வாடகைப் பணத்தையோ முன்பணத்தையோ முகவர் கையால் தொடவே கூடாது. வாங்கி வீட்டுக்காரரிடம் கொடுக்கிறேன் என்றாலும் கூடாது. பணம் உங்களிடமிருந்து நேராக வீட்டுக்காரருக்குப் போக வேண்டும். 'என் கணக்குக்கு அனுப்புங்கள், நான் கட்டிவிடுகிறேன்' என்று முகவர் சொன்னால், ஒன்று அவர் போலி, இல்லை விதியை மீறுகிற அசல்.

மாணவர்களில் பெரும்பாலோர் தேடுவது வீவக வீட்டில் ஓர் அறை. அதில் ஒரு வசதி இருக்கிறது. அறையை மட்டும் வாடகைக்கு விடும் வீவக உரிமையாளர் அந்த வீட்டிலேயே குடியிருந்தாக வேண்டும். ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு, தானும் அங்கேயே இருப்பதாகக் கணக்குக் காட்டி மொத்த வீட்டையும் விடுவது குற்றம். அதனால் 'ஓனர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார், சாவியைக் கூரியரில் அனுப்புகிறோம்' என்ற கதையை வீவக அறைக்கு யார் சொன்னாலும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அது பொய்யாக இருக்கும், மெய்யாக இருந்தால் இன்னும் மோசம். வீட்டுக்காரர் வீட்டில் இருக்க வேண்டும், நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும், ஒரு டம்ளர் தண்ணீராவது வாங்கிக் குடிக்க வேண்டும்.

அடுத்தது 'சீனியர் ரூம்'. இதைச் சொன்னால் மாணவர்களுக்கு என்மேல் கோபம் வரும். படிப்பு முடித்துப் போகிற அண்ணன், 'என் படுக்கையை நீ எடுத்துக்கோ, டெபாசிட்டை எங்கிட்ட கொடுத்துடு' என்பார். பாசமாகத்தான் சொல்வார். வீவக வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அதை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட அனுமதி இல்லை. வீட்டுக்காரர் வீவகவிடம் அனுமதி வாங்கும்போது உங்கள் பெயர் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காகிதத்தில் நீங்கள் அந்த வீட்டிலேயே இல்லை. அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் பெட்டி படுக்கையோடு வெளியேற வேண்டியது நீங்கள்தான், அண்ணன் அதற்குள் வேலை கிடைத்து வேறெங்கோ போயிருப்பார். அறை ஒப்பந்தம் கையெழுத்தானதும் 'வீவக அனுமதியின் நகல் கொடுங்கள் அங்கிள்' என்று கேளுங்கள். நேர்மையான வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாதக் கணக்கையும் பாருங்கள். வீவகவில் ஒரு வாடகை அனுமதி குறைந்தது ஆறு மாதத்துக்கு, தனியார் வீட்டில் தொடர்ச்சியாக மூன்று மாதம். அதற்குக் குறைவாக 'ஒரு மாதம் இருந்து பாருங்கள்' என்பதே விதிமீறல். இதைவிட முதுநிலை மாணவர்கள் தவறவிடுகிற ஒன்று உண்டு: வீவக வீட்டுக்கு வாடகைதாரராகப் பதியும் நாளில் உங்கள் மாணவர் அனுமதி அட்டை இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். ஓராண்டுப் படிப்புக்கு வந்தவர் முதல் பருவத்துக்கு மட்டும் ஓர் அறை எடுத்து, அப்புறம் வேறு அறைக்கு மாறலாம் என்று நினைத்தால், மாறப்போகும் நேரத்தில் அட்டையில் ஐந்து மாதம்தான் மிச்சம் இருக்கும். ஒவ்வொரு பிப்ரவரியும் இப்படி யாராவது என்னிடம் வந்து நிற்கிறார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. படிப்பு முடியும் வரைக்குமான அறையை முதலிலேயே எடுங்கள்.

முன்பணம், ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை என்பதுதான் இங்கே வழக்கம். சென்னை போல பத்து மாதம் கிடையாது. அதைத் திரும்ப வாங்குவதற்கான வேலை நுழைகிற அன்றே தொடங்குகிறது. சுவர், மெத்தை, ஏர்கான், கழிவறைக் குழாய் என்று எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். முத்திரை வரியைக் கட்டுங்கள், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய அது வாடகைதாரர் செலவு. மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, மாதம் 950 வெள்ளிக்கு ஓராண்டு என்றால் 46 வெள்ளிகூட வராது. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். இதை மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டவர்கள் பிறகு முன்பணம் திரும்ப வராமல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகும்போது விழிக்கிறார்கள், ஏனென்றால் முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை அங்கே ஆதாரமாகக் காட்ட முடியாது. இரண்டாண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தமாக இருந்தால், 20,000 வெள்ளி வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமல் அங்கே நடத்தலாம்.

சமையல் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் 'லைட் குக்கிங்' என்று இருந்தால் அதற்கு அர்த்தம் மேகி. சாம்பார் இல்லை, தாளிப்பு சத்தியமாக இல்லை. நான் தீர்த்து வைத்த சண்டைகளில் பாதி கருவேப்பிலையில் தொடங்கியவை. 'வாரம் எத்தனை நாள், எத்தனை மணிக்கு, என்னென்ன' என்று முதல் சந்திப்பிலேயே வெட்கப்படாமல் கேளுங்கள், பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏர்கான் எத்தனை மணி நேரம் என்பதையும்.

பெற்றோருக்கு ஒரு கெஞ்சல். பிள்ளை இறங்கும்போதே அறை தயாராக இருக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். பல்கலைக்கழக விடுதிக்கு முதலில் விண்ணப்பியுங்கள். கிடைக்கவில்லை என்றால் பத்து நாள் முன்னால் அனுப்புங்கள். லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா பக்கம் உரிமம் பெற்ற தங்கும் விடுதிகளில் படுக்கைக்குக் காசு கொடுத்துத் தங்கிக்கொண்டு நான்கைந்து அறைகளைப் பார்க்கட்டும். அந்தச் செலவு கூடுதல்தான். 1,500 வெள்ளி அளவுக்கு வராது. முடியவே முடியாது என்றால் இங்கே இருக்கும் சொந்தக்காரரோ தெரிந்த சீனியரோ நேரில் போய், வீட்டுக்காரர் முகத்தோடு வீடியோ அழைப்பில் காட்டட்டும். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம், மோசடி பற்றிக் கேட்பதற்கென்றே வைத்திருக்கிற எண்.

அந்தத் திருச்சித் தம்பியைக் காவல் நிலையத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். பணம் வரவில்லை. நாலு நாள் தேக்காவில் தங்கி, பூன் லேயில் ஓர் அறை பார்த்தான், வேறொரு முகவர் மூலமாக. அந்த முகவரின் எண்ணைப் பதிவேட்டில் தட்டி, அவர் அலுவலகத்துக்கும் அழைத்து, கடைசியில் வீட்டு வாசலில் அவரைப் பார்த்த பிறகும் 'ஒரு நிமிஷம் சார்' என்று சொல்லி அவர் எண்ணுக்கு மறுபடி அழைத்து, அவர் சட்டைப் பையில் மணி அடிக்கிறதா என்று பார்த்திருக்கிறான். அவர் எனக்குப் போன் போட்டு, 'நீதான் இதெல்லாம் சொல்லிக் கொடுத்தியா?' என்று சலித்துக்கொண்டார். ஆமாம் என்றேன்.